சாலையில் போகிறவருக்குச் சேர வேண்டிய பத்திரம்

ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கருக்கும் திருத்தணிக்கும் போகும் சாலைகளில் காரும் வேனும் மட்டும் ஓடுவதில்லை. விசைத்தறி வேலை முடிந்து நடந்தே வீடு திரும்புகிறவர்களுக்கும் அதே சாலைதான். அவர்களில் ஒருவர் மேல் கார் மோதிவிட்டால், மருத்துவச் செலவுக்குப் பிறகு அந்தக் குடும்பம் கேட்கப்போகும் முதல் கேள்வி, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்பதுதான்.

இன்சூரன்ஸ் கட்டியாயிற்று, பத்திரம் வீட்டில் இருக்கிறது என்பவர் தவறு செய்தவரா? கட்டாமலே ஓட்டுபவரோடு அவரைச் சேர்ப்பது நியாயமில்லை. ஆனாலும் கடமையில் பாதியைத்தான் அவர் முடித்திருக்கிறார். அடிபட்டவர் நினைவிழந்து கிடக்கையில், எந்தக் கம்பெனி, பாலிசி எண் என்ன என்று அங்கேயே சொல்ல முடிய வேண்டும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது; மோதிய வண்டி நிற்காமல் அதைத் தாண்டிவிடலாம். மோதிய வண்டி எதுவென்று தெரியாமலே போனால், உயிரிழப்புக்கு அரசுத் திட்டம் தருவது 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். வண்டி தெரிந்து வழக்கு நடந்தால், வயது, வருமானம், நம்பியிருப்போர் எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கும். பத்திரத்தை 2018 முதல் டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் காட்டினாலும் செல்லும். கையில் போன் வைத்திருப்பவர் மறதியைக் காரணம் சொல்வது கடினம்.

கட்ட வசதியில்லை என்ற வாதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. வாரக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். ஆனால் 2022 ஜூனில் 75 முதல் 150 சிசி வரையிலான டூவீலருக்கு அரசு நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம், வரி நீங்கலாக, ஆண்டுக்கு 714 ரூபாய். அதை மிச்சம் பிடிப்பவரின் வறுமைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அவரைவிட ஏழையான ஒருவர். தீர்ப்பு கிடைத்தும் வசூலிக்க ஆளில்லாமல் நிற்பது அந்தக் குடும்பம்தான்.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில், புதுக் காருக்கு 3 ஆண்டும் டூவீலருக்கு 5 ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் காலம் முடிந்தபின் வண்டி பழசாகிறது, புதுப்பிக்க மறந்துபோகிறது. கை மாறுவதும் அப்போதுதான். மச்சானுக்கு, பக்கத்து வீட்டுத் தம்பிக்கு என்று சாவி கொடுப்பது ஊர் வழக்கம். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்ல, ஓட்ட விட்டவரையும் சட்டம் தண்டிக்கிறது: முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000, அல்லது 3 மாதம் வரை சிறை. சாவியை நீட்டும்போதே பாலிசி எந்தத் தேதி வரை என்பதையும் சொல்லிக் கொடுப்பது உரிமையாளரின் வேலை.