அறிந்த பின்னர் வரும் கடமை

1934-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பிரென்ஸல், ஷுல்டஸ் என்னும் இரு அறிஞர்கள், புகைப்படத் தகட்டைக் கரைசலில் இட்டு, செவிக்கு எட்டாத ஒலியை அதனுள் செலுத்தினர். படம் விரைவில் துலங்கும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. தகட்டில் தோன்றியவையோ சின்னஞ்சிறு புள்ளிகள்! ஒலியதிர்வால் நீருள் எழும் குமிழிகள் விரிந்து, கணத்தினும் நுண்ணிய பொழுதில் ஒடுங்குகின்றன. உள்ளிருக்கும் வாயு பல ஆயிரம் பாகை வெம்மையுற்று மின்னுகிறது. அவ்வொளியே புள்ளிகளாய்ப் பதிந்தது.

மிக மங்கலான ஒளிதான். எனினும் அதற்கு நிறம் உண்டு. உப்பு நீரெனில் சோடியத்திற்கே உரிய மஞ்சள் தென்படும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி கழுவும் தொட்டியில் அதிர்கின்ற மலிவான தகடே இத்தகைய ஒலியைத் தருகிறது. ஆதலின், நீரில் கரைந்திருப்பது இன்னதென்று கையடக்கக் கருவியால் அறியலாமே என்னும் எண்ணம் எழுவது இயல்பு.

அறிவது எளிதானால் அறிந்தவரின் பொறுப்பும் எளிதாகிவிடுமா? இதுவே நம் வினா. நிறம் மாறும் காகிதத் துண்டைக் கொண்டு முன்னர் நடந்த ஒரு சோதனையை நோக்குவோம்.

பங்களாதேஷில், குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்கவென்றே 1970-களில் ஊர்தோறும் கைக்குழாய்கள் இறக்கப்பட்டன. அந்நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1993-இல் தெரியவந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 50 இலட்சம் குழாய்கள் சோதிக்கப்பட்டன. லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சுடையவற்றுக்குச் சிவப்புச் சாயம், ஏனையவற்றுக்குப் பச்சை. சிவப்பு பூசப்பட்டவை சுமார் 14 இலட்சம்.

பூசியவர்கள் போய்விட்டனர். நேற்றுவரை சமமாயிருந்த இரு வீட்டாரில் ஒருவர் கேட்பவரானார், மற்றவர் கொடுப்பவரானார். பேச்சற்றுப்போன உறவாயின், அந்த முற்றத்தில் குடத்தோடு எத்தனை நாள் நிற்பது?

மாற்றுவழி காட்ட இயலாதபோது சோதிக்காதிருப்பதே இரக்கம் என்பாரும் உளர். நமக்கு அது உடன்பாடன்று. சொல்லாவிடினும் நஞ்சு உள்ளே போய்க்கொண்டுதானிருக்கும். ஆயினும், பிறர் குடிக்கும் நீரின் உண்மை நம் கைக்கு வந்த கணமே அஃது அமானிதமாகிவிடுகிறது. பச்சைக் குழாய்க்காரரிடம் பேசி வைத்துவிட்டல்லவா தூரிகையை எடுத்திருக்க வேண்டும்?

ஒலிக்கருவி சட்டைப்பைக்கு வந்துவிட்டால், சோதிப்பவர் அடுத்த வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். அவன் கண்டது அந்திக்குள் தெருவெங்கும் பரவிவிடும். அவன் முதலில் நஞ்சு நீர் குடிப்பவர் வாசலுக்கே போகட்டும். போகும்போது நன்னீர் உடையவரையும் உடனழைத்துக்கொண்டு போகட்டும்.