பேசிய கூலி போதாதா?

கேள்வி: சிறிய தையல் கூடம் நடத்துகிறேன். பேசிய கூலியைச் சனிக்கிழமை மாலையே கொடுத்துவிடுவேன். அந்தோணியார் திருவிழா அசனமும் என் செலவுதான். மே 1, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள் திருப்பலியில், நியாயமான கூலி தராதது பாவம் என்று பங்குத்தந்தை சொன்னது எனக்கே சொன்னதுபோல் உறுத்துகிறது. ஒத்துக்கொண்டதைக் குறைக்காமல் கொடுத்தால் போதாதா, சாமி?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: போதாது. உங்கள் வாதத்தையே எடுத்து 1891இல் பதில் சொல்லியிருக்கிறார் திருத்தந்தை 13ஆம் லியோ. 'ரேரும் நோவாரும்' என்பது அந்தச் சுற்றுமடல். முதலாளி ஒரு தொகை சொல்கிறார், தொழிலாளி தலையாட்டுகிறார். அதோடு நியாயம் முடிந்ததா? இதையும் விட்டால் அடுப்பெரியாது என்று பயந்து ஆட்டிய தலையைச் சம்மதம் என்று அவர் ஏற்கவில்லை. அங்கே தொழிலாளி அநீதிக்குப் பலியாகிறார் என்கிறார். உழைப்பவர் சிக்கனமாக வாழவாவது கூலி போதவேண்டும் என்ற நீதி, எந்தப் பேச்சுவார்த்தைக்கும் மூத்தது. தனிச்சொத்துரிமையை அதே மடலில் அழுத்தமாக ஆதரித்தவரும் அவர்தான். (அவரவருக்குப் பிடித்த பாதியை மட்டும் படிப்பவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.) ஆகவே தையல் கூடம் உங்களுடையது என்பதில் திருச்சபைக்குச் சண்டையில்லை.

அசனம் நல்ல காரியம். ஆனால் நீதிப்படி கொடுக்கவேண்டியதைத் தர்மம்போலக் கொடுக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், பொதுநிலையினருக்கான ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் தையல்காரரும் அந்தப் பந்தியில் உட்காருவார் அல்லவா? அவர் கூலியில் குறைந்ததுதான் அவர் இலையில் சோறாக விழுகிறதா என்று கணக்குப் பாருங்கள். அப்படியானால் அங்கே விருந்து கொடுப்பவர் அவர்.

லாபமே இல்லை என்பீர்களோ? அதையும் திருச்சபை யோசித்திருக்கிறது. நிறுவனமே மூழ்கும் அளவுக்குக் கூலி கேட்பது நியாயமில்லை என்று 1931இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் எழுதினார். நிர்வாகச் சோம்பலால் வந்த நஷ்டத்தைக் காட்டிக் கூலியைக் குறைக்க மட்டும் அவர் இடம் தரவில்லை. நியாயமற்ற விலைக்குச் சரக்கை விற்கும்படி ஒரு நிறுவனத்தை நெருக்குகிறவர்களைப் பெருங்குற்றவாளிகள் என்றார். உங்களிடம் ஆர்டர் தருபவர் விலையை அடித்துப் பேசுகிறவரானால், பங்குத்தந்தையின் பிரசங்கத்தை அவரும் கேட்டிருக்க வேண்டும்.