படத்தில் இருப்பது யாருடைய ஆண்டு?

பழைய குடும்பப் படம் ஒன்றைக் கையில் வாங்கியதும் நாம் முதலில் தேடுவது முகங்களை. யாருடைய ஜாடை யாருக்கு வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். எந்த ஆண்டு எடுத்தது என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. அப்போது முகம் உதவாது. முகம் ஆளின் வயதைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. பிறந்த தேதியை யாரும் குறித்து வைக்காத வீடுகளில் வயதை வைத்துக் கணக்குப் போடவும் வழியில்லை. அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். அதற்குமேல் சாட்சி சொல்ல மிஞ்சுவது உடுப்பு.

அது எவ்வளவு துல்லியமான சாட்சி என்பதற்குக் காந்தியின் படங்கள் போதும். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்தபோது கோட்டும் டையும். 1913-இல் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்தத் துக்கத்தில் அவர்களுடைய எளிய உடுப்பு. 1915-இல் இந்தியா திரும்பியபோது கத்தியவாரித் தலைப்பாகையும் நீண்ட அங்கியும். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரைவேட்டி. ஆகவே நம் ஊர்ப் பக்கம் எடுத்த ஒரு கூட்டப் படத்தில் அவர் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தால், அந்தப் படம் ஆறேழு வருஷ இடைவெளிக்குள் அடங்கிவிடும். பெரியாரும் அப்படித்தான். காங்கிரஸில் இருந்த இருபதுகளின் படங்களில் கதர் வெள்ளை. நாற்பதுகளின் நடுவிலிருந்து கறுப்புச் சட்டை.

நம் வீட்டுப் படங்களில் இப்படி நாள் குறித்து உடை மாற்றியவர்கள் இல்லை. அங்கே வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பட்டுச்சேலையை வைத்து ஆண்டு சொல்லப் புறப்பட்டால் ஏமாறுவோம். நல்ல கூறைப்புடவை முப்பது வருஷம் உழைக்கும். அம்மாவின் கல்யாணச் சேலையை மகள் தன் வளைகாப்புக்குக் கட்டுவாள். படம் எடுக்கும் நாளுக்கென்று அக்காள் சேலையைத் தங்கை இரவல் வாங்குவாள். ரவிக்கை அப்படிக் கைமாறுவது குறைவு. அது ஒரு உடம்புக்கென்று அளவெடுத்துத் தைத்தது. உடம்பு பெருத்தால் புதிதாகத் தைத்தாக வேண்டும். தைக்கும்போது தையல்காரர் அந்த வருஷத்துக் கையைத்தான் வைப்பார். தோளில் உப்பி நிற்கும் பஃப் கை முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் பரவி, ஐம்பதுகளிலும் நீடித்தது. அறுபதுகளில் உப்பல் அடங்கிக் கை உடம்போடு ஒட்டியது. எண்பதுகளில் பஃப் கை திரும்பவும் வந்ததால் கழுத்து வெட்டையும் சேலைத் துணியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணி நிறையப் பேசும். நைலான் 1930-களில் அமெரிக்காவிலும், டெரிலின் 1941-இல் இங்கிலாந்திலும் உருவானவை; நம் ஜவுளிக்கடைகளில் அவை பரவலாகக் கிடைக்க அறுபதுகள் ஆயின. உள்ளே போட்ட பனியனின் வெட்டு தெரியும்படி மெலிந்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் நிற்கும் சட்டையோடு ஒரு சித்தப்பா இருந்தால், அந்தப் படம் சுதந்திரத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. பெல்பாட்டம் இருந்தால் எழுபதுகள்; விளக்கம் வேண்டாம்.

இதில் அடங்கிய கணக்கு எளிமையானது. படத்தில் இருப்பவற்றுள் எது மிகப் புதியதோ, அது வருவதற்கு முன்னால் அந்தப் படம் எடுக்கப்பட்டிருக்காது. அந்தப் புதிய பொருள் பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்ணின் மேலோ காலேஜ் போகும் பையனின் மேலோ இருக்கும். நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் அதைத் தேடக் கூடாது.

தப்புச் சாட்சிகளும் உண்டு. ஸ்டூடியோவில் கோட்டும் டையும் மாட்டி வைத்திருப்பார்கள். வந்தவர் போட்டுக்கொண்டு நிற்கலாம். அது அவருடைய வசதியையும் சொல்லாது, வருஷத்தையும் சரியாகச் சொல்லாது. அந்தக் காலத்தில் படம் பதிக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளில் பல, சிவப்பு ஒளியை உணராதவை. அரக்குச் சேலை அவற்றில் கறுப்பாக விழும், வெளிர்நீலம் வெள்ளையாகிவிடும். வெளுப்பாகத் தெரியும் சேலையைப் பார்த்ததும் கைம்பெண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நெற்றியையும் கழுத்தையும் கையையும் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகும்போது, ஒரு படத்துக்கு ஒரு ஆண்டு என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது. தெற்கத்திச் சீமையில் எடுத்த படமென்றால், நடுவில் இருக்கும் பாட்டியின் காது தோள்வரை தொங்கும். பாம்படமோ தண்டட்டியோ கிடக்கும். சிறுவயதில் வளர்த்த காது அது. பக்கத்தில் நிற்கும் மகளின் காது சின்னத் தோட்டோடு முடிந்துவிடும். பாட்டி ரவிக்கை போடாமல் சேலையைத் தோளில் சுற்றியிருப்பாள், மருமகள் பஃப் கை, பேத்தி கவுன். கேமரா ஒரே நொடியில் எடுத்தது. ஆனால் அதில் இருப்பவர்கள் அறுபது வருஷத்துக்குள் ஆளுக்கொரு இடத்தில் நிற்கிறார்கள். அவரவர் இளமையில் உடுக்கப் பழகிய விதத்தை அவரவர் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

ஓரத்துக்குப் போனால் இந்தக் கணக்கும் நின்றுவிடுகிறது. அங்கே வெறுங்கழுத்தும் வெறும் நெற்றியுமாக, கரையில்லாத வெள்ளைச் சேலையில் ஒருத்தி நிற்கிறாள். அவளுக்கு முப்பது வயது இருக்கலாம். அந்தச் சேலையை 1910 என்றாலும் ஒத்துக்கொள்ளலாம், 1950 என்றாலும் ஒத்துக்கொள்ளலாம். அவள் வயதுப் பெண்கள் எல்லோர் மேலும் வருஷம் எழுதியிருக்க, அவள் மேல் மட்டும் எழுதவில்லை. இன்னொரு ஓரத்தில், மாட்டைப் பிடித்துக்கொண்டோ குழந்தையைத் தூக்கிக்கொண்டோ பண்ணையாள் நிற்கிறார். இடுப்பில் ஒரு துண்டு, மேலே ஒன்றுமில்லை. சட்டை வாங்கப் பணமில்லாதது ஒரு காரணம். எத்தனையோ ஊர்களில் சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கவும், துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளவும் அவருக்குத் தடை இருந்தது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இங்கே வந்து நிற்கும்போதுதான் நான் செய்துகொண்டிருந்த வேலை எனக்கே புரிகிறது. உடுப்பை வைத்து ஆண்டு சொல்வது, உடுப்பை மாற்றிக்கொள்ள விடப்பட்டவர்களை வைத்துச் சொல்வது. வருஷம் மாறினால் தன் மேலும் ஏதாவது மாறும் என்பது எல்லோருக்கும் கிடைத்த ஒன்றில்லை. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தோள்சீலைக்காக அங்கே பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1859-இல் திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதித்து ஆணையிட்டபோதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது. அந்தப் பக்கத்துப் பழைய படங்களில் ஒரு பெண்ணின் மேல் குப்பாயம் என்னும் மேல்சட்டையைப் பார்த்தால், ஊரில் என்ன வழக்கம் இருந்தது என்று கேட்பதோடு நிறுத்த முடியாது. அதற்காக எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை மின்படியாக்கிப் பாதுகாத்திருக்கிறார்கள். நல்ல வேலை. பெயர் தெரியாத முகங்களுக்கு உடுப்பாவது ஒரு காலத்தைத் தரும். வீடுகளில் இருக்கும் படங்களுக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கும்போது தேட வேண்டிய ஆண்டுகள் வேறு என்று இப்போது எனக்குப் படுகிறது. பஃப் கை நம் வீட்டுக்கு எப்போது வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது சுவையானதுதான். ஆனால் வெள்ளைச் சேலைப் பெரியம்மா முதன்முதலாகக் கரைபோட்ட நீலச் சேலையில் நிற்கும் படம் எது? எந்தக் கல்யாணம், யார் எடுத்துக் கொடுத்த சேலை, வீட்டில் யார் முணுமுணுத்தார்கள்? பண்ணையாளின் பேரன் வெள்ளைச் சட்டையோடு, பண்ணை வீட்டுப் பிள்ளைகளின் தோளோடு தோள் உரசி நிற்கும் பள்ளிக்கூடப் படம் எந்த வருஷத்தது? அந்த ஆண்டுகளைச் சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். படத்தை எடுத்துக்கொண்டு போய், நடு நாற்காலிகளை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும்.