பட்டியல் யார் கையில்?

கல்யாண வேலைகளை ஒரு வெடிங் பிளானரிடம் ஒப்படைக்கலாமா என்ற பேச்சு எழுந்ததும் வீடு இரண்டு கட்சியாகிறது. "நம்ம வீட்டுக் கல்யாணத்த நாமதான் எடுத்துச் செய்யணும், காசு குடுத்தா பாசம் வருமா?" என்பது ஒரு கட்சி. "நிம்மதியா உட்கார்ந்து தாலி கட்டறதப் பாக்க வேணாமா?" என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி சொல்லும் அந்த 'நாம' யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மண்டபம் பேசுவது, அட்வான்ஸ் கொடுப்பது, சமையல் மாஸ்டரிடம் பேரம் பேசுவது, மொய் நோட்டோடு உட்காருவது எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் வேலை. ஊருக்குத் தெரியும், முடிந்தால் முடிந்ததுதான். எந்த அத்தைக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்காவிட்டால் மனத்தாங்கல் வரும், போன கல்யாணத்தில் அவர்கள் நமக்கு எடுத்த புடவை என்ன விலை, சீர்த்தட்டில் எது விட்டுப்போனது, சர்க்கரை நோயுள்ள பெரியப்பாவை எந்தப் பந்தியில் உட்காரவைப்பது என்பதெல்லாம் பெண்கள் வேலை. இவை தூக்கத்திலும் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிஞ்சர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மனவேலையை நான்காகப் பிரித்துக் காட்டினார்: தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பது. அவர் பேட்டி கண்ட தம்பதிகள் முடிவுகளைப் பெரும்பாலும் சேர்ந்தே எடுத்தார்கள். முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெண்கள் தலையில்தான் அதிகம் விழுந்தன.

பிளானருக்குக் கட்டணம் கொடுக்கும்போது ஓர் உண்மை வெளியே வருகிறது. அம்மாக்கள் இத்தனை காலம் செய்துவந்தது உழைப்பு. அதற்கு ரசீது போட முடியும். பாசம் என்ற பெயரில் அது கணக்கில் வராமலே இருந்தது. இது வெளிப்பட்டதே ஒரு லாபம்தான்.

ஆனால் அந்தப் பிளானர் கேட்கும் கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள்? நலங்குக்கு என்னென்ன வேண்டும், எத்தனை தாம்பூலப் பை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை? அம்மாவின் நோட்டில் இருந்த பட்டியல் அம்மாவின் வாட்ஸப்புக்கு மாறுகிறது. கடைசிப் பந்திக்குப் பாயசம் குறைந்தால் சம்பந்தி வீட்டார் அவரைத்தான் பார்ப்பார்கள். கட்டணமோ பெரும்பாலும் பெண் வீட்டுச் செலவுக் கணக்கில் இன்னொரு வரியாகச் சேர்கிறது. பாத்திரம் தேய்ப்பவரும், பன்னீர் தெளித்தபடி வாசலில் மணிக்கணக்காக நிற்கும் இளம்பெண்ணும் அந்தக் கட்டணத்தில் எவ்வளவு பெறுகிறார்கள் என்று நாம் விசாரிப்பதில்லை. ஒரு பெண்ணின் நிம்மதியை இன்னொரு பெண்ணின் குறைந்த கூலியில் வாங்கினால் அதை விடுதலை என்று சொல்லக் கூசவேண்டும்.

இவ்வளவு வேலையும் எங்கிருந்து வந்தது? 1967இல் அண்ணா ஆட்சிக்காலத்தில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லுபடியானது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் தேவையில்லை. இதற்கு மேல் சேர்ப்பவை எல்லாம் நம் விருப்பம். விருப்பத்தோடு சேர்த்த வேலைக்கு, சேர்த்தவரே பொறுப்பு. "ஆயிரம் பேரைக் கூப்பிடணும்" என்று சொல்லும் அப்பா அந்த ஆயிரம் பெயரையும் நினைவில் வைத்திருக்கட்டும்.

ஆகவே பிளானரை வைப்பதும் வைக்காததும் இரண்டாவது கேள்வி. முதலில் வேலையைக் குறையுங்கள். மிஞ்சியதை மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும், இரு வீட்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்று வருபவரிடம், என்ன செய்யவேண்டும் என்று கண்டுபிடிப்பதும் அவர் பங்குதான் என்று சொல்லுங்கள். அதன் பிறகும் கை போதாவிட்டால் ஆள் வையுங்கள். நியாயமான கூலி கொடுங்கள். கல்யாணத்துக்குப் பின் வரப்போகும் குடும்பத்தில் பட்டியல் யார் கையில் இருக்கும் என்பது பெரும்பாலும் இந்த வாரங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது.