உப்பிட்டவருக்கும் உற்ற சிநேகிதனுக்கும்



உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வேலை கொடுத்தவனுக்குத் துரோகம் செய்கிறவனையும், சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கிறவனையும் உலகமே வெறுக்கிறது. அது நியாயந்தான். பிரமாணிக்கம் என்னும் புண்ணியம் சர்வேசுரன் மனித இருதயத்திலேயே எழுதி வைத்த கற்பனை.

ஆனால் இந்த நல்ல பெயரைப் போர்த்திக்கொண்டு இரண்டு தீமைகள் நம் நடுவே உலாவுகின்றன. ஒருவன், "முதலாளி சொன்னார், எழுதினேன், அவர் உப்பைத் தின்கிறேன் அல்லவா?" என்று சொல்லிப் பொய்க் கணக்கில் கையெழுத்திடுகிறான். இன்னொருவன், "அவன் என் சிநேகிதன், நான் எப்படி வாய் திறப்பேன்?" என்று சொல்லி, நண்பன் எடுத்த பணத்துக்காக வேறொரு ஏழை பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கேட்டால் இருவரும் "விசுவாசம்" என்கிறார்கள். இது விசுவாசந்தானா? ஒரு அர்ச்சியசிஷ்டவரின் சீவியத்தை வைத்து இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

இங்கிலாந்து தேசத்தில் 1478-ம் ஆண்டு பிறந்தவர் அர்ச். தோமாஸ் மூர். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. பெண்சாதி பிள்ளைகளோடு வாழ்ந்த வழக்கறிஞர். எட்டாம் ஹென்றி அரசனுடைய உத்தியோகத்தில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1529-ல் சான்சலர் பதவியை, அதாவது அரச முத்திரையைக் காக்கும் பிரதான நீதிபதியின் ஸ்தானத்தை, அடைந்தார். அரசன் அவரை எவ்வளவு நேசித்தானென்றால், செல்சியிலிருந்த அவர் வீட்டுக்குச் சொல்லாமலே சாப்பிட வருவான். அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு தோட்டத்தில் உலாவுவான். மருமகன் இதைக் கண்டு பூரித்தபோது மூர் மயங்கவில்லை. தம்முடைய தலையைக் கொடுத்தால் பிரான்சு தேசத்தில் ஒரு கோட்டை கிடைக்குமானால் அரசன் தயங்கமாட்டான் என்று சொன்னார். எஜமானை நேசித்தார், எஜமானின் குணத்தையும் அறிந்திருந்தார்.

முதன்முதல் அவர் உத்தியோகத்தில் சேர்ந்தபோது அரசனே அவருக்கு ஒரு புத்தி சொல்லியிருந்தான்: முதலில் சர்வேசுரனை நோக்கு, அதன்பின் என்னை நோக்கு என்பதே அதன் கருத்து. ஒரு எஜமான் தன் ஊழியனுக்கு இதைவிட நல்ல பாடம் படிப்பிக்க முடியாது என்று மூர் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். சொன்னவன் அதை மறந்தான், கேட்டவர் மறக்கவில்லை.

அரசன் தன் பத்தினியாகிய கத்தரீன் ராணியைத் தள்ளிவிட்டு ஆன் போலின் என்பவளை மணக்க விரும்பினான். பாப்பரசர் சம்மதிக்கவில்லை. தன் முயற்சிக்கு மூரின் சம்மதத்தை அரசன் கேட்டான். அவர் செய்ததைக் கவனியுங்கள். தெருவில் நின்று அரசனைத் தூற்றவில்லை; அவனுடைய எதிரிகளோடு கூடிச் சதி செய்யவில்லை. தன்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை என்று அரசனிடமே பணிவாகச் சொன்னார். மற்ற அலுவல்களிலெல்லாம் முன்போலவே உழைத்தார். இனிப் பதவியில் இருந்தால் மனச்சாட்சியை விற்க நேரிடும் என்று கண்டபோது, 1532-ம் ஆண்டு மே மாதம் 16-ந் தேதி அரச முத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வருமானம் குன்றியது. அந்த வேளையிலும் தம்மை அண்டியிருந்தவர்களை அவர் அம்போவென்று விடவில்லை. தம்மிடம் வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் மேற்றிராணிமாரிடமும் பிரபுக்களிடமும் இடம் தேடிக் கொடுத்தார். படகோட்டிகள் எட்டுப் பேரையும், தம் பெரிய படகையும், தமக்குப்பின் பதவிக்கு வந்தவரிடமே ஒப்படைத்தார். முதலாளிமாரே, பிரமாணிக்கம் தொழிலாளிக்கு மட்டும் விதித்த கடமையல்ல. உங்களுக்காக இருபது வருஷம் முதுகொடிந்தவனைக் கஷ்டகாலம் வந்தவுடன் கணக்கு முடித்து அனுப்பிவிடுகிறீர்களே, அவனும் உங்களுக்கு உழைப்பென்னும் உப்பிட்டவன் அல்லவா?

1534-ல் அரசன் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்ததினால் மூர் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அரசியல் காரியமான பட்டத்துரிமையை ஒப்புக்கொள்ளச் சித்தமாயிருந்தார். அந்தச் சத்தியத்தை அதன் வாசகப்படியே செய்ய மட்டும் அவர் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. இங்கேதான், பிரியமானவர்களே, நாலு விதமான மனிதர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுக்குள் நம் முகமும் தெரிகிறதா என்று பார்ப்போம்.

முதலாமவர் நோர்போக் பிரபு. மூரின் பழைய சிநேகிதர். ஒருநாள் கோவிலில் மூர் பாடகரோடு பாடகராய் அங்கி தரித்துப் பாடுவதைக் கண்டு, சான்சலர் கோவில்பிள்ளை வேலை பார்ப்பதா, அரசனுக்கு அவமானம் என்று கடிந்துகொண்டவர். பிற்பாடு, அரசனுடைய கோபம் மரணம் என்று மூரை எச்சரித்தார். அப்படியானால் நான் இன்று சாவேன், நீர் நாளை சாவீர், அவ்வளவுதானே வித்தியாசம் என்ற கருத்தில் மூர் பதில் சொன்னார். 1535-ல் அவரை விசாரித்து மரணத்துக்குத் தீர்ப்பிட்டவர்களுக்குள் நோர்போக் பிரபுவும் உட்கார்ந்திருந்தார். அரசன் என்ன கேட்டாலும் கொடுத்து வந்த அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன? 1546-ல் அதே அரசன் அவரையும் அதே சிறையில் போட்டான். அவர் மகன் சிரச்சேதம் செய்யப்பட்டான். தந்தைக்குக் குறித்த நாள் விடியுமுன், 1547-ம் ஆண்டு சனவரி 28-ந் தேதி, அரசன் செத்துப்போனபடியால் மட்டுமே அவர் உயிர் தப்பினார். எஜமானின் இச்சைக்கு அடிமையானவனை எஜமானே மதிப்பதில்லை.

இரண்டாமவன் ரிச்சர்டு ரிச். அரசாங்க வழக்கறிஞன், சிறுவயது முதல் மூருக்குத் தெரிந்தவன், அவருடைய பங்கிலேயே குடியிருந்தவன். சிறையிலிருந்த அவருடைய புத்தகங்களைப் பறித்துப்போக வந்தபோது அவரோடு பேச்சுக் கொடுத்தான். அவர் சொல்லாததைச் சொன்னதாக நீதிமன்றத்தில் சத்தியம் செய்தான். என் ஆபத்தைவிட உன் பொய்ச்சத்தியத்துக்காகவே அதிகம் வருந்துகிறேன் என்று மூர் அவனுக்குச் சொன்னார். அவனோ பிற்காலத்தில் சான்சலராகவே உயர்ந்தான்! ஆம், துரோகத்துக்கு உலகம் நல்ல விலை கொடுப்பதுண்டு. யூதாசுக்கும் முப்பது வெள்ளிக்காசு உடனே கிடைத்தது.

மூன்றாவதாக, அந்த அறையில் வேறு இருவர் இருந்தார்கள். அவர்களைச் சாட்சிக்கு அழைத்தபோது, நாங்கள் புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம், பேச்சு எங்கள் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிரியமானவர்களே, ரிச்சைப்போல் நேரில் பொய்ச்சத்தியம் செய்கிறவர்கள் நம்மில் சிலரே. மூட்டை கட்டுகிறவர்கள் அநேகர்! ஆபீசிலும் ஆலையிலும் கடையிலும் குற்றமற்ற ஒருவன்மேல் பழி விழும்போது, "நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் கவனிக்கவில்லை" என்று தலை குனிந்துகொள்கிறோம். அந்த இருவருக்கு உண்மையாகவே கேட்கவில்லையோ, சர்வேசுரனுக்குத் தெரியும். நமக்குக் கேட்டதா இல்லையா என்பது நமக்கே தெரியும்.

நாலாமவர் அந்தோனியோ பொன்விசி. இத்தாலி தேசத்தில் லுக்கா பட்டணத்தவர். லண்டனில் வியாபாரம் செய்த அந்நியர். ஏறக்குறைய நாற்பது வருஷச் சிநேகம். அரசனுடைய கோபத்துக்கு ஆளானவனோடு சிநேகம் வைப்பது ஆபத்தென்று அறிந்தும், சிறைக்குள் அவருக்கு இறைச்சியும் திராட்சரசமும் அனுப்பி வந்தார். எழுதுகோல் பறிக்கப்பட்ட மூர், கரித்துண்டைக் கொண்டு அவருக்கு நன்றிக் கடிதம் எழுதினார். தான் உயர்ந்திருந்த காலத்தில் அநேகர் வந்தார்கள். தாழ்ந்த காலத்திலும் இந்தச் சிநேகிதன் மாறவில்லையே என்று அவர் உள்ளம் உருகியது. பொன்விசி வழக்கை மாற்றவில்லை. மாற்றவும் அவரால் முடியாது. தன்னால் முடிந்ததைச் செய்தார். சிநேகத்துக்கு அது போதும்.

1535-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி மூர் கொலைக்களத்துக்குப் போனார். அரசனுடைய நல்ல ஊழியனாகவே சாவதாகவும், ஆனால் சர்வேசுரனுக்கே முதல் ஊழியன் என்றும் அறிக்கையிட்டார். 1935-ல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். 2000-ம் ஆண்டில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர் அவரை அரசியல் அலுவல் புரிவோருக்குப் பாதுகாவலராக ஏற்படுத்தினார்.

இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வதென்ன? பிரமாணிக்கம் என்பது ஒருவனுடைய விருப்பத்துக்கு அடிமைப்படுவதல்ல. அவனுடைய மெய்யான நன்மையை விரும்புவது. எஜமானுக்காகப் பொய் சொல்கிறவன், எஜமானின் ஆத்துமத்தைக் குழியில் தள்ளக் கைகொடுக்கிறான். சிநேகிதனின் திருட்டை மூடி மறைக்கிறவன், அவன் மறுபடியும் திருடத் துணை போகிறான்.

"சுவாமி, மூருக்கு வீடும் பேரும் இருந்தன. நான் வேலையை விட்டால் பிள்ளைகள் பட்டினி" என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கஷ்டம் மெய்யே. பாவத்துக்கு மனமொத்துக் கைகொடுப்பது வேறு. பாவம் நடக்கிற இடத்தில் தூரத்து வேலை ஒன்றைப் பார்ப்பது வேறு என்று திருச்சபையின் வேதசாஸ்திரிகள் பிரித்துச் சொல்லுகிறார்கள். பொய்க் கணக்கை எழுதுகிறவனும், அந்த ஆபீசைக் கூட்டிப் பெருக்குகிறவளும் ஒன்றல்ல. ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு வேலையை உதறுங்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் முதலாளியிடம் தனியே, மரியாதையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு காரியத்திலிருந்து உங்களை விலக்கும்படி கேளுங்கள். நீங்கள் நேரத்தோடு வந்து முழுக் கூலிக்கு முழு வேலை செய்கிறவர்களாயிருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்கும். கேளாவிட்டால் வேறு வேலை தேடத் தொடங்குங்கள். ஆனால் பாவமென்று அறிந்ததில் உங்கள் கையெழுத்து மட்டும் விழ வேண்டாம்.

சிநேகிதன் தவறினால், ஆண்டவர் சுவிசேஷத்தில் காட்டிய வழியே வழி: முதலில் அவனிடம் தனியே போங்கள். டீக்கடையிலும் கைபேசியிலும் பரப்பாதேயுங்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே போய் நில்லுங்கள். அவன் இணங்காமல், குற்றமற்றவன் தண்டனை அடையப்போகிறான் என்றால், அப்பொழுது உண்மையைச் சொல்வது காட்டிக்கொடுத்தல் அல்ல; எட்டாம் கற்பனை கேட்கும் கடமை. சொன்னபிறகும் அவனை விட்டு ஓடாதேயுங்கள். உலகம் அவனைக் கைவிடும் அன்றைக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் நீங்களாயிருங்கள்.

பெரிய வியாழன் இரவில் நமது ஆண்டவராகிய சேசுநாதர் தம்முடைய சீஷர்களை இனி ஊழியரென்று அழையாமல் சிநேகிதரென்று அழைப்பதாகச் சொன்னார். அதே இரவில் ஒருவன் அவரை விற்றான், அர்ச். இராயப்பர் அவரை அறியேன் என்றார்; மற்றவர்கள் ஓடினார்கள். அவரோ தம்மை முத்தமிட்டவனையும் சிநேகிதனே என்றுதான் அழைத்தார். அந்தச் சிநேகத்துக்கு நாம் பிரமாணிக்கமாயிருந்தால், உப்பிட்டவருக்கும் உற்ற சிநேகிதனுக்கும் செலுத்தவேண்டிய பிரமாணிக்கம் இன்னதென்று நமக்கு விளங்கும்.

இன்றிரவு ஆத்தும சோதனை செய்யும்போது, நான் எங்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன் என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுங்கள். அர்ச். தோமாஸ் மூர் நமக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.