எந்த வாசலைத் தட்டுவது?

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்கால இரவு ஒன்றில், நம் பங்கின் கிளைக்கிராமத்திலிருந்து ஆள் வந்தது. "அம்மாவுக்கு ரொம்ப முடியல சாமி. வந்து அவஸ்தை பூசிட்டுப் போங்க" என்றான் அந்த இளைஞன். உடனே புறப்பட்டோம். கயிற்றுக் கட்டிலில் அந்தத் தாய் கிடந்தார். வயது ஐம்பத்தெட்டுதான்; பார்வைக்கு எழுபதைத் தாண்டியவராய்த் தெரிந்தார். வாய் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. செபங்களைச் சொன்னோம், எண்ணெய் பூசினோம். நம் கை அவர் நெற்றியில் பட்டதை அவர் அறிந்ததாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மகள் ஒரு மஞ்சள் பையை நம்மிடம் நீட்டினார். "எல்லாச் சீட்டும் இதுல இருக்கு சாமி. நாங்க எதுலயும் குறை வைக்கல" என்றார். அவர் சொன்னது உண்மை. தாய்க்காகத் தம்மிடம் இருந்ததையெல்லாம் செலவழித்த பிள்ளைகள் அவர்கள். திண்ணையில் அமர்ந்து, விளக்கொளியில் அந்தச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நோயுற்றவரை அன்பு செய்வது என்பது என்ன? கண்ணில் படும் வாசல்களிலெல்லாம் அவரைத் தூக்கிச் செல்வதா? அல்லது எந்த வாசல் எதற்கானது என்று அறிந்து, உரிய வேளையில் உரிய வாசலில் சேர்ப்பதா?

பையில் இருந்தவையும் இல்லாததும்

முதற்சீட்டு மிகச் சிறியது. கிராம சுகாதார செவிலியர் எழுதியது. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தவை துணை சுகாதார நிலையங்கள். கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்வது, குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, இரத்த அழுத்தம் பார்ப்பது, வீடு வீடாகச் சென்று விசாரிப்பது ஆகியவை அங்குள்ள செவிலியரின் பணிகள். கட்டடம் சிறியது, பெயர்ப்பலகையின் எழுத்துகள்கூட மங்கியிருக்கும். அந்தச் செவிலியர்தான் இந்தத் தாயிடம், "கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு தேதிகள் குறிக்கப்பட்டிருந்தன. முதல் தேதியில் களையெடுப்பு. இரண்டாம் தேதியில் கூச்சம். அவர் போகவில்லை.

அடுத்து இருந்திருக்க வேண்டிய சீட்டு பையில் இல்லை. அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டு. ஏறத்தாழ 30,000 மக்களுக்கு ஒன்று என அமைந்த நிலையம் அது. மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் ஆய்வக வசதியும் சில படுக்கைகளும் அங்கு உண்டு. இயல்பான மகப்பேறு அங்கேயே நடக்கும். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கிடைக்கும். முப்பது வயதைக் கடந்த பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்யப்படுகிறது. சில நிமிடங்களே பிடிக்கும், கட்டணம் இல்லை. நோய் புற்றாக மாறுவதற்கு முன்பே கண்டறிந்தால் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடக் கூடிய நோய் அது. காலையில் ஒரு மணி நேரம் செலவிட்டிருந்தால் போதும். அந்தச் சீட்டுதான் இல்லை.

மூன்றாவது, நகரத்துத் தனியார் மருத்துவ இல்லம் ஒன்றின் சீட்டுக்கட்டு. உதிரப்போக்கு தொடங்கியதும் நேரே அங்கே ஓடினார்கள். மாதக்கணக்கில் ஊசிகளும் சத்து மருந்துகளும் தரப்பட்டன. செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை செய்யப்படவில்லை. பணம் கரைந்தபின் தாலுகா மருத்துவமனைக்கு வந்தார்கள். அறுவை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் உள்ள இடம் அது. பார்த்த அன்றே ஐயப்பட்டு மேலே அனுப்பினார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திசு எடுத்துச் சோதித்தார்கள், கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அதற்குள் நோய் வெகுதூரம் பரவியிருந்தது.

இந்தப் படிநிலை தற்செயலாய் அமைந்ததன்று. 1943-இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946-இல் அளித்த அறிக்கையில் இதன் வரைபடம் உள்ளது. மருத்துவம் மக்கள் வாழும் இடத்திற்கு இயன்றவரை அருகில் இருக்க வேண்டும், நோய் வந்தபின் ஆற்றுவதோடு வராமல் தடுப்பதும் அதன் கடமை என்பது அக்குழுவின் கருத்து. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் நம் நாட்டில் எழுந்தன. சிறிய வாசல் முதலில், பெரிய வாசல் பிறகு என்பதே அமைப்பு. நாமோ சிறியதை ஏழைகளின் வாசல் என்று எண்ணிக் கடந்து செல்கிறோம். சளிக்கும் காய்ச்சலுக்கும் பெரிய மருத்துவமனையில் வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையில் நமக்குப் பின்னால் உயிருக்குப் போராடும் ஒருவர் நிற்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறோம். விவேகம் என்பதைத் தலையாய நற்பண்புகளுள் முதலாவதாகத் திருச்சபை கற்பிக்கிறது. நோயாளிக்கு உரிய இடத்தை அறிவதும் அந்த விவேகத்தின் பாற்பட்டதே.

நாம் படிக்காத சீட்டு

இதுவரை சொன்னவற்றில் பிறரின் தவறுகளைச் சுட்டினோம். இனி நம் தவறு.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், "இனிக் குணமாக்கும் சிகிச்சை இல்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றபோது பிள்ளைகள் இடிந்துபோனார்கள். நேரே பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். "பெரிய தனியார் ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களாமே சாமி, ஒரு லெட்டர் குடுங்க" என்றார்கள். அவர்களது கண்ணீரைக் கண்டோம். எதையும் விசாரிக்காமல் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். ஏதோ நன்மை செய்துவிட்ட நிறைவோடு அன்றிரவு உறங்கினோம். அந்தக் கடிதத்தின் பேரில் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். குழாய்களுக்கு நடுவே, பிள்ளைகளின் முகம் காணாமல், 19 நாள் கிடந்தார். ஒன்றரை ஏக்கர் நிலம் அடமானம் போயிற்று. அங்கே பணியாற்றியவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். மூச்சுத் திணறும் விபத்து நோயாளியை மீட்பதற்கான இடம் அது. வாசலில் பிழையில்லை, அந்த வாசலுக்கு அவரை அனுப்பிய நம்மிடமே பிழை.

திண்ணையில் அமர்ந்து மருத்துவக் கல்லூரிச் சீட்டைப் புரட்டியபோது, கடைசிப் பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி கண்டோம். நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுமாறு எழுதி, தொலைபேசி எண்ணும் குறித்திருந்தார் மருத்துவர். வீட்டார் ஆங்கிலம் அறியாதவர்கள். நாம் அறிந்தவர்கள். கடிதம் எழுதிய அன்று அந்தப் பை நம் மேசைமேல்தான் இருந்தது. நாம் அதைத் திறந்து பார்க்கவில்லை.

குணமாக்குதலும் பேணுதலும்

நோய்த்தணிப்பு என்றால், "ஒன்றும் செய்வதற்கில்லை" என்பதன் நாகரிகப் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. வலியை அடக்குவது, புண்ணைத் தூய்மை செய்வது, மூச்சுத்திணறலைத் தணிப்பது, உறக்கம் தருவது, வீட்டாருக்குப் பணிவிடை கற்பிப்பது, அச்சத்தைக் கேட்டு ஆறுதல் சொல்வது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 1986-இல் மும்பையில் தொடங்கப்பட்ட சாந்தி அவேதனா சதன் இந்நாட்டில் இதற்கென எழுந்த முதல் இல்லம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இயக்கம் இதனை இல்லங்களுக்கே கொண்டு சென்றது. அக்கம்பக்கத்தாரையே அதில் பங்காளிகள் ஆக்கியது. தமிழகத்திலும் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்பணி ஒரு பகுதியாக இடம் பெற்றுள்ளது.

கடும் வலிக்குரிய மருந்தான மார்ஃபின் அபினியிலிருந்து பெறப்படுவது. மருந்துக்கான அபினியைச் சட்டப்படி பயிரிடும் நாடு நம்முடையது. ஆயினும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தையொட்டி வந்த கடுமையான விதிகளால் நம் நோயாளிகளுக்கே அது எட்டாக்கனியாயிற்று. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த முடிச்சைத் தளர்த்தியது. சட்டத்தின் முடிச்சு தளர்ந்தாலும் நம் மனத்தின் முடிச்சு தளரவில்லை. "வலியைத் தாங்குவது புண்ணியமல்லவா? மருந்தால் மயங்கிச் சாவது பாவமல்லவா?" என்று நல்ல கத்தோலிக்கரே கேட்கிறார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை அளித்தார். சாவை வருவிக்கும் நோக்கமின்றி, வலியைத் தணிக்கவென்றே மருந்து தருவது தகும் என்றார். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் 2279-ஆம் எண்ணில் இதனையே கற்பிக்கிறது. அதற்கு முந்திய எண்ணில், பயனுக்கு மிஞ்சிய சுமையான சிகிச்சையை நிறுத்திக்கொள்வதும் முறையானதே என்கிறது. சாவைத் தருவது வேறு. தடுக்க இயலாத சாவை ஏற்றுக்கொள்வது வேறு. கிறிஸ்துவின் பாடுகளோடு தம் துன்பத்தை இணைக்க விரும்புபவர் இணைக்கட்டும். அது அவர் மனமுவந்து அளிக்கும் காணிக்கை. அடுத்தவரின் வலியை அவருக்குப் பதிலாக நாம் ஒப்புக்கொடுக்க முடியாது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கோயிலில், பதினொன்றாம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பதிவு செய்கிறது. மருத்துவனும் அறுவை செய்பவனும் மட்டுமல்லாது, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் அதில் ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. வள்ளுவரும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக, உடனிருந்து மருந்தளிப்பவனை வைத்தார். மருந்தின் வல்லமை ஓய்ந்தாலும் உடனிருப்பவரின் பணி ஓய்வதில்லை.

கடைசிக்கு ஒதுக்கிய இரண்டு

நம் மக்கள் இரண்டை எப்போதும் கடைசிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஒன்று வலி தணிக்கும் சிகிச்சை. மற்றொன்று நோயில்பூசுதல் என்னும் அருளடையாளம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சாசனத்திலேயே, இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று எனத் தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும், 'சாமியார் வந்தால் நோயாளி பயந்துவிடுவார்' என்று அஞ்சி, நினைவு தப்பும்வரை காத்திருக்கிறோம். அதே அச்சத்தால்தான், 'அங்கே போனால் நம்பிக்கை இழந்துவிடுவார்' என்று நோய்த்தணிப்பு நிலையத்தையும் தள்ளிப்போடுகிறோம். உண்மையை நோயாளியிடம் மறைப்பதை அன்பு என்று எண்ணுகிறோம். அவரோ தம் உடலே சொல்லிக்கொண்டிருக்கும் உண்மையை, பேசத் துணையின்றித் தனியே சுமக்கிறார்.

மறுநாள் காலை அந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினோம். மூன்றாம் நாள் மருத்துவரும் செவிலியரும் வீடு தேடி வந்தார்கள். மார்ஃபின் மாத்திரையும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கு மாற்று மருந்தும் தந்தார்கள். புண்ணின் நாற்றம் தணிய, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து இடும் முறையை மகளுக்குக் கற்பித்தார்கள். எளிய, விலை குறைந்த மாத்திரை அது. நாற்றம் அடங்கியதும், அதுவரை வாசலோடு நின்ற அக்கம்பக்கத்தார் உள்ளே வந்து கட்டிலருகே அமரத் தொடங்கினார்கள். பேரப்பிள்ளை பாட்டியின் பக்கத்தில் படுத்தான். அவர் கஞ்சி கேட்டுக் குடித்தார்.

ஒரு நாள் நம்மைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க பூசினப்போ எனக்கு ஒண்ணுமே தெரியல சாமி, வலிதான் தெரிஞ்சது. இப்ப நன்மை குடுங்க, வாங்கிக்கிறேன்" என்றார். குருத்துவ வாழ்வில் எத்தனையோ பேருக்கு நற்கருணை வழங்கியிருக்கிறோம். அன்று நம் கை நடுங்கியது. இன்னும் 23 நாள் வாழ்ந்து, பிள்ளைகள் சூழ, செபமாலை சொல்லி முடிந்த ஒரு மாலையில் இறைவனடி சேர்ந்தார். அந்த 23 நாளையும் நம் கடிதம் தின்ற 19 நாளையும் இன்றும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம்.

நல்ல சமாரியர் உவமையைப் பல முறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அவர் காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தது முதலுதவி. தம் விலங்கின்மேல் ஏற்றியது ஊர்தி. சாவடியில் சேர்த்தது உள்நோயாளிச் சிகிச்சை. இரண்டு தெனாரியம் தந்தது செலவு. இத்தனையையும் விளக்கிய நாம், திரும்பி வருவேன் என்று அவர் சொல்லிச் சென்றதைப் போதிய அளவு விளக்கவில்லை. சாவடியில் சேர்ப்பதோடு அவர் கடமை முடியவில்லை.

இன்று நம் பங்கின் ஒவ்வோர் அன்பியத்திலும் இருவரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம். எந்த நிலையத்தில் எந்தச் சேவை எந்த நாளில் கிடைக்கும் என்பதை அவர்கள் அறிந்து வைத்திருக்கிறார்கள். பரிசோதனைக்குக் கூசும் பெண்ணுக்குத் துணையாகப் போகிறார்கள். மருத்துவச் சீட்டின் கடைசி வரிவரை படித்துச் சொல்கிறார்கள். குணமாக மாட்டார் என்று அனுப்பப்பட்டவரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை செல்கிறார்கள். பெரிய கட்டடம் எதுவும் நாம் எழுப்பிவிடவில்லை. பரிந்துரைக் கடிதம் கேட்டு இப்போதும் ஆள்கள் வருகிறார்கள். "முதல்ல அந்தப் பையை இப்படிக் குடுங்க" என்று சொல்லிக் கை நீட்டுகிறோம்.