கார்த்திகையில் ஒரு தீவு

என் தங்கை மகன் கார்த்திகையில் மனைவி குழந்தையுடன் அந்தமான் போகிறான். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து கணக்குச் சொன்னான். ரத்துச் செய்தால் பணம் திரும்பாத விமான டிக்கெட், அதனால்தான் மலிவாம்.

"புயல் காலமாயிற்றே?" என்றேன்.

"வந்தால் வரட்டும் மாமா. என் காசு, என் உயிர்."

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெரியவர் திண்ணையில் இருந்தார். சம்பாப் பயிரில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல வந்தவர். "எனக்குத்தான் தம்பி, வேறே மாசம் கிடையாது. உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு, வடிகாலைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் வங்கக் கடலுக்குப் புயல் மாதங்கள். சம்பாவுக்கும் அவையே மாதங்கள். அவர் ஆடுவது விதி விரித்த சூதாட்டம். அவன் ஆடுவது தானே தேடிப் போவது. அதற்காக அதைப் பாவம் என்று சொல்லலாமா? யாருமே போகாவிட்டால் தீவில் படகோட்டியும் சமையற்காரரும் எதைத் தின்பார்கள்?

1964 டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் மூழ்கிற்று. அவர்களை யார் குறை சொல்வார்கள்? என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இன்று வானிலை நிலையம் நாட்கணக்கில் முன்னதாகச் சொல்கிறது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். குற்றம் என்று ஒன்று உண்டானால், அது தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது.

'என் உயிர்' என்கிறானே, அதுவும் சரியில்லை. 2016 டிசம்பரில் ஹாவ்லாக் தீவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். மீட்கப் போன கடற்படைக் கப்பல்களால் கொந்தளிப்பில் உடனே கரையை அணுக முடியவில்லை. அந்த மாலுமிகளுக்கும் வீட்டில் குழந்தைகள் உண்டு.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா? 2018 நவம்பரில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போனேன். கஜா வருகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று கிளம்பினேன். வாடகைக் கார் டிரைவர், "போகத்தான் வேணுமா சார்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதற்கு மேல் அவர் கேட்க முடியாது. கூலி என் கையில் இருந்தது. 16-ம் தேதி விடியுமுன் வேதாரண்யத்தில் காற்று அடித்து ஓய்ந்தபோது நாங்கள் இருவரும் பத்திரமாக இருந்தோம். பேராவூரணிப் பக்கம் அவர் வீட்டு ஓடுகள் பறந்த நேரத்தில், அவர் மனைவி இரண்டு குழந்தைகளுடன் தனியாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறாள். தொலைபேசி இல்லை, வழியெல்லாம் தென்னை விழுந்து கிடந்தது. அவர் ஊர் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கை மகனிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் ஊஞ்சல் ஆடவில்லை.

"அப்போ போகக் கூடாதா மாமா?"

"போ. ஆனால் டிக்கெட் பணம் தொலைந்துவிட்டது என்று இன்றைக்கே நினைத்துக்கொள். கூண்டு ஏறினால் வீட்டிலேயே இருந்துவிட அப்போதுதான் மனசு வரும்."